சென்னை வளாகம் கைகூடவில்லை, இனி எந்த உறுப்புக் கல்லூரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களில் பலர் விருப்பப் பட்டியலின் முதல் வரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தை எழுதுகிறார்கள், இரண்டாவது வரியில் அதன் குரோம்பேட்டை வளாகத்தை. அந்த இரண்டும் எட்டாத தூரத்தில் இருக்கின்றன என்பது தரவரிசை வந்த அன்றே தெரிந்துவிடுகிறது. கோவையா, திருச்சியா, மதுரையா, நெல்லையா, சொந்த மாவட்டத்திலேயே இருக்கும் பல்கலைக்கழகக் கல்லூரியா என்ற குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வுக் காலத்தில் மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த வளாகத்தில் நீங்கள் படிக்கப்போகும் துறை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

எவையெல்லாம் "சென்னை வளாகம்"? எவை அதில் சேராது?

கிண்டிப் பொறியியல் கல்லூரி, ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகிய மூன்றும் கிண்டியில் இருக்கின்றன. நான்காவது, குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம் (எம்.ஐ.டி.). இந்த நான்கையும் இணைத்துத்தான் 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. இவற்றைப் "பல்கலைக்கழகத் துறைகள்" என்பார்கள். எம்.ஐ.டி. வேறு ஊரில் இருப்பதால் அதைக் கிளை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை, கிண்டிக்கு உள்ள அதே தகுதிதான் அதற்கும்.

இவை போக, கோவை, மதுரை, திருநெல்வேலி ஆகிய மூன்று ஊர்களில் மண்டல வளாகங்கள் உள்ளன. திருச்சியில் பி.ஐ.டி. (பாரதிதாசன் தொழில்நுட்ப நிறுவனம்) வளாகம் இருக்கிறது. காஞ்சிபுரம், விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி, அரியலூர், திருக்குவளை, பட்டுக்கோட்டை, திண்டுக்கல், இராமநாதபுரம், நாகர்கோவில், தூத்துக்குடி ஆகிய இடங்களில் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றைத்தான் பொதுவாக உறுப்புக் கல்லூரிகள் என்கிறோம்.

இத்தனை வளாகங்கள் எப்படி வந்தன?

2007-இல் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து கோவை, திருச்சி, திருநெல்வேலி ஆகியவை தனிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிக்கப்பட்டன. 2010-இல் மதுரையும் பிரிந்தது. 2012-இல் எல்லாவற்றையும் மீண்டும் ஒன்றாக்கினார்கள். தனிப் பல்கலைக்கழகங்களின் தலைமையகமாக இருந்த இடங்களே இன்றைய மண்டல வளாகங்களும் திருச்சி வளாகமும். மாவட்டக் கல்லூரிகளில் பெரும்பாலானவை 2000-களின் பிற்பகுதியில், ஊரகப் பிள்ளைகள் வீட்டுக்கு அருகிலேயே குறைந்த செலவில் பொறியியல் படிக்கட்டும் என்று தொடங்கப்பட்டவை. அந்த நோக்கம் நல்ல நோக்கம். இன்றும் பல குடும்பங்களுக்கு அதுதான் ஒரே வழி.

பட்டச் சான்றிதழில் வித்தியாசம் தெரியுமா?

பட்டம் வழங்குவது எல்லா இடத்திலும் அண்ணா பல்கலைக்கழகம்தான். இதைக் கேட்டதும் பலருக்கு நிம்மதி வருகிறது: "எங்கே படித்தாலும் அண்ணா பல்கலைக்கழகப் பட்டம், அப்புறம் என்ன?" ஆனால், பல்கலைக்கழகத்தோடு இணைந்த நூற்றுக்கணக்கான தனியார் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் அதே பல்கலைக்கழகம்தான் பட்டம் தருகிறது. ஆகவே, பட்டத்தின் பெயருக்காக மட்டும் உறுப்புக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் அதில் தனியாக எந்த ஆதாயமும் இல்லை. வேலைக்கு நேர்காணல் நடத்துபவர் எந்தக் கல்லூரி, எந்த வளாகம் என்றுதான் கேட்பார். அதை மறைக்கவும் முடியாது, மறைக்கத் தேவையும் இல்லை.

உறுப்புக் கல்லூரியின் உண்மையான ஆதாயங்கள் வேறு. கட்டணம் குறைவு, நன்கொடை என்ற பேச்சே இல்லை, அரசு நிறுவனம் என்ற பாதுகாப்பு உண்டு. அவற்றுக்காக எடுங்கள்.

பாடத்திட்டமும் தேர்வும் சென்னை வளாகத்தில் உள்ளவைதானா?

இல்லை. சேர்ந்த பிறகு பலரைத் திடுக்கிட வைக்கும் விஷயம் இதுதான். சென்னை வளாகத் துறைகள் தன்னாட்சி முறையில் இயங்குகின்றன. தங்களுக்கென்று தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கின்றன, வினாத்தாளையும் அங்கேயே தயாரித்துக்கொள்கின்றன. உறுப்புக் கல்லூரிகளோ, தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்கான பாடத்திட்டத்தையும் பொதுத் தேர்வையும் பின்பற்றுகின்றன. உங்கள் பேராசிரியர் பாடம் நடத்துவார். வினாத்தாள் வெளியிலிருந்து வரும், விடைத்தாள் வெளியே போய்த் திருத்தப்படும்.

இதன் விளைவு மதிப்பெண்ணில் தெரியும். தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கும் நண்பன் 8.5 எடுக்கும்போது, அதே உழைப்புக்கு உங்களுக்கு 7.5 வரலாம். முதல் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் விழுவது உறுப்புக் கல்லூரிகளில் அரிதான நிகழ்ச்சி அல்ல. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல, அரியர் நிலுவையில் இருப்பவர்களை உள்ளேயே விடுவதில்லை. ஆகவே முதல் ஆண்டை "பழகிக்கொள்ளும் ஆண்டு" என்று நினைத்து விட்டுவிடக்கூடாது. இதை முன்பே தெரிந்துகொண்டு போகிற மாணவன் சமாளித்துவிடுகிறான். தெரியாமல் போகிறவன்தான் நவம்பரில் உடைந்துபோகிறான்.

ஆசிரியர் பற்றாக்குறை என்கிறார்களே, உண்மையா?

உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் நிரந்தர ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடப்பதும், தற்காலிக ஆசிரியர்கள் பெரும்பங்கு வகுப்புகளை எடுப்பதும் பல ஆண்டுகளாகச் செய்திகளில் வந்துகொண்டிருக்கிறது. இதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. தற்காலிக ஆசிரியர் என்றால் தரமற்றவர் என்று பொருளில்லை. முனைவர் பட்டத்தோடு, மிகக் குறைந்த ஊதியத்தில், மனப்பூர்வமாகப் பாடம் நடத்துபவர்கள் அவர்களில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஆசிரியர் அடுத்த செமஸ்டரில் இருப்பாரா என்பது உறுதியில்லாதபோது, ஆய்வகம் வளராது, இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தொடர்ச்சியான வழிகாட்டல் கிடைக்காது, பரிந்துரைக் கடிதம் கேட்கப் போனால் ஆள் இருக்கமாட்டார். அரசு இந்த இடங்களை நிரப்பியே ஆக வேண்டும்.

தனியார் கல்லூரி என்றால் இந்தச் சிக்கல் இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆசிரியரின் பெயரைப் பல தனியார் கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியிருந்தது 2024-இல் வெளிவந்தது. எங்கே சேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் சேரும் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் யார்? வளாகத்தின் இணையப் பக்கத்தில் துறை வாரியாகப் பெயர்கள் இருக்கும். பழைய பட்டியலாக இருந்தால் துறைக்கே நேரில் போய்க் கேளுங்கள்.

கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்துப் பார்ப்பதா, தரவரிசை எண்ணை வைத்துப் பார்ப்பதா?

தரவரிசை எண்ணை வைத்துப் பாருங்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப், வினாத்தாளின் கடுமையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். ஓர் ஆண்டு 185-க்குக் கிடைத்த இடம் அடுத்த ஆண்டு 190-க்குப் போகலாம், ஆனால் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை அந்த அளவுக்கு மாறாது. உங்கள் சமுதாயப் பிரிவுக்கான எண்ணைத்தான் பார்க்க வேண்டும், பொதுப்பிரிவு எண்ணை மட்டும் பார்த்து மனம் தளரவும் கூடாது. குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

கிண்டி கிடைக்காது என்று தெரிந்த பிறகும் அதை முதலில் எழுதலாமா? ஓர் இடம் வீணாகாதா?

தாராளமாக எழுதலாம். எதுவும் வீணாகாது. இந்த ஒரு சந்தேகத்தால் ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் தங்கள் தரவரிசைக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தை இழக்கிறார்கள். அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

இடம் ஒதுக்கும் கணினி, தரவரிசையில் முதலில் இருப்பவரின் பட்டியலை எடுத்து, அதில் மேலிருந்து கீழாக வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை அவருக்குக் கொடுக்கிறது. பிறகு அடுத்தவர். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலையும் மேலிருந்துதான் படிக்கும். கிண்டியில் ஈ.சி.ஈ. (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) நிரம்பியிருந்தால் அடுத்த வரிக்குப் போகும். குரோம்பேட்டையும் நிரம்பியிருந்தால் அதற்கும் அடுத்தது. நீங்கள் ஓர் இடத்தை முதலில் எழுதினீர்களா, நாற்பதாவதாக எழுதினீர்களா என்பது அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. உங்களுக்குக் கீழே உள்ள ஒருவர் அதை முதலில் எழுதியிருந்தாலும், உங்கள் சுற்றில், உங்கள் பிரிவில், உங்களுக்குத்தான் முன்னுரிமை.

இதிலிருந்து இரண்டு விதிகள் வருகின்றன. பட்டியலின் வரிசை உங்கள் ஆசையின் வரிசையாக இருக்கட்டும், "இது கிடைக்கும், இது கிடைக்காது" என்ற கணிப்பின் வரிசையாக இருக்கக்கூடாது. கணிப்பு உதவுவது பட்டியல் எவ்வளவு தூரம் கீழே நீள வேண்டும் என்பதற்குத்தான். அடுத்தது, கிடைத்தால் சேரமாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தை எழுதவே எழுதாதீர்கள். பக்கத்து வீட்டார் சொன்னார் என்பதற்காக எழுதிய வரிதான் கடைசியில் ஒதுக்கீடாக வந்து நிற்கும்.

கல்லூரிக் குறியீட்டு எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். கிண்டிக்கு 1, ஏ.சி. டெக்குக்கு 2, எம்.ஐ.டி.க்கு 4. கோவை மண்டல வளாகம் 2025, திருச்சி பி.ஐ.டி. 3011. ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து அழுத்தினால், அதே ஊரில் இருக்கும் வேறு கல்லூரி பதிவாகிவிடும். திருநெல்வேலியில் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்று, மண்டல வளாகம் ஒன்று, இரண்டும் வேறு வேறு.

தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. என்ன பதில் கொடுப்பது?

கிடைத்த இடமே போதும் என்றால் ஏற்றுக்கொண்டு கல்லூரியில் சேருங்கள். மேலே எழுதியது ஏதாவது காலியானால் வேண்டும் என்றால், ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வையும் கேட்கலாம். அப்போது கட்டணத்தை உதவி மையத்தில் கட்டி வருகையைப் பதிய வேண்டும். நகர்வு கிடைத்தால் பழைய இடம் தானாகவே போய்விடும், "இரண்டில் எது வேண்டும்" என்று மறுபடி யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் பட்டியலின் வரிசை நேர்மையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

கையில் இருப்பதை மறுத்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் எதிர்பார்ப்பதையும், மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பதில் கொடுக்கவும் கட்டணம் கட்டவும் கெடு மிகக் குறுகியது. ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும் நாளில் குடும்பத்தோடு வெளியூர் திருமணத்துக்குப் போய்விட்டு இடத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு.

கோவை, திருச்சி, மதுரை, நெல்லை: இந்த நான்கில் எது மேல்?

பொதுவாக மாணவர்களின் விருப்பம் கோவையிலும் திருச்சியிலும் முதலில் போய் நிற்கிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கோவை வளாகம் மருதமலைச் சாலையில் இருக்கிறது. பம்ப், மோட்டார், வார்ப்பாலைகளோடு மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்த நகரம் அது. பயிற்சிக்கும் தொழிற்சாலைப் பார்வைக்கும் அலைய வேண்டியதில்லை. திருச்சி பி.ஐ.டி. முதலில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கல்லூரியாக இருந்தது, வயதில் மூத்தது. மருந்தியல் தொழில்நுட்பம், பெட்ரோகெமிக்கல் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம் போன்று மற்ற உறுப்புக் கல்லூரிகளில் எளிதில் கிடைக்காத பிரிவுகள் அங்கே இருக்கின்றன. அந்தப் பிரிவுகளில் உண்மையான ஆர்வம் இருப்பவருக்கு ஏ.சி. டெக்கை விட்ட பிறகு முதலில் பார்க்க வேண்டிய இடம் திருச்சி.

மதுரை வளாகம் கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கிறது. மதுரையும் நெல்லையும் தென்மாவட்ட மாணவர்களுக்குச் செலவைக் கணிசமாகக் குறைக்கின்றன. சிவகங்கையிலோ தென்காசியிலோ இருக்கும் ஒரு குடும்பம், அதே பாடப்பிரிவுக்காகப் பிள்ளையைக் கோவைக்கு அனுப்பி நான்கு ஆண்டு விடுதிச் செலவைத் தாங்க வேண்டுமா என்று கேட்டால், கையில் பணம் தாராளமாக இருந்தால் ஒழிய வேண்டாம் என்பேன். பாடத்திட்டம் ஒன்று, தேர்வு ஒன்று. நகரம் தரும் கூடுதல் வாய்ப்பு உண்மைதான், ஆனால் கடன் வாங்கி வாங்கும் அளவுக்கு அது பெரிதல்ல.

மாவட்டங்களில் உள்ள கல்லூரிகள்?

அவற்றை ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. காஞ்சிபுரத்துக்குச் சென்னையும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளும் கைக்கெட்டும் தூரம். தூத்துக்குடியில் வ.உ.சி. பெயரிலான கல்லூரிக்குத் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் அருகில். நாகர்கோவில் வளாகம் கோணத்தில், ஊரை ஒட்டியே இருக்கிறது. வேறு சில, ஊரிலிருந்து தள்ளி, பேருந்து நேரத்தைப் பார்த்து வாழ வேண்டிய இடங்களில் இருக்கின்றன. சிலவற்றில் கட்டடப் பொறியியலுக்கும் இயந்திரப் பொறியியலுக்கும் ஆள் சேர்வது குறைந்து, வகுப்பில் மிகச் சிலரே உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பு சிறியதாக இருப்பது படிப்புக்கு நல்லது என்றும் சொல்லலாம். ஆனால் நிறுவனங்கள் அவ்வளவு தூரம் வந்து அந்தச் சிலரைத் தேர்ந்தெடுக்கத் தயங்கும்.

ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வகம் திறந்திருக்கிறதா, நூலகத்தில் ஆள் இருக்கிறார்களா, மாலை எத்தனை மணிக்குக் கடைசிப் பேருந்து என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேநீர்க் கடையில் பிடித்து, "உங்கள் தம்பியை இங்கே சேர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., தியாகராசர் போன்றவற்றுக்கு மேலே உறுப்புக் கல்லூரியை எழுதலாமா?

நான் எழுதமாட்டேன். 1945-இல் தொடங்கிய கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), அதே கோவையில் உள்ள பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர், காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரி ஆகியவை நீண்ட மரபும் தன்னாட்சியும் நாடெங்கும் பரவிய முன்னாள் மாணவர்களும் கொண்டவை. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் இடங்களிலும் கட்டணமும் குறைவு. சேலம், பர்கூர், வேலூர் தந்தை பெரியார் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளையும் உறுப்புக் கல்லூரிகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். "அண்ணா பல்கலைக்கழகம்" என்ற பெயர் வளாகத்தின் மேல் இருக்கிறது என்பதற்காக இவற்றைக் கீழே தள்ளுவது பெரிய இழப்பாகிவிடும்.

ஒரு சாதாரணத் தனியார் கல்லூரியா, மண்டல வளாகமா என்றால் என் கை மண்டல வளாகத்தின் பக்கம்தான் போகும்.

பிடித்த பிரிவா, நல்ல வளாகமா?

இரண்டும் சேர்ந்து அமையாதபோது, பிரிவின் மேல் உண்மையான ஆர்வம் இருந்தால் பிரிவு. "எல்லோரும் கணினி எடுக்கிறார்கள்" என்பது ஆர்வம் அல்ல. ஆர்வம் இன்னும் தெளிவாகவில்லை என்றால், நல்ல ஆசிரியர்கள் உள்ள கல்லூரியில் மின்னியலோ மின்னணுவியலோ எடுப்பது, பலவீனமான இடத்தில் கணினி எடுப்பதைவிட எனக்கு மேலாகப் படுகிறது. நிரலாக்கம் எந்தத் துறையிலிருந்தும் கற்கலாம். மின்சுற்று ஆய்வகத்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

கட்டணத்தில் எவ்வளவு வித்தியாசம்? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவருக்கு?

சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017-இல் கட்டணக் குழு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், தரச்சான்று பெற்ற பிரிவுகளுக்கு 55,000 என்றும் நிர்ணயித்தது. பேருந்து, விடுதி, "பயிற்சி" என்ற பெயரில் வரும் தொகைகள் தனி. உறுப்புக் கல்லூரியின் கல்விக் கட்டணம் இதைவிட மிகக் குறைவு. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

ஆனால் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-இலிருந்து அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, அது சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும். அவர்களுக்குக் கட்டணம் ஒரு காரணமே அல்ல. "அரசுக் கல்லூரிதான் நமக்குக் கட்டுப்படியாகும்" என்று பழக்கத்தில் நினைத்து, பி.எஸ்.ஜி.யோ தியாகராசரோ கிடைக்கக்கூடிய தரவரிசையில் இருந்தும் எழுதாமல் விடுவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் உரிமை அது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

தமிழ்வழியில் இடம் கிடைக்கிறது. எடுக்கலாமா?

கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் 2010 முதல் தமிழ்வழியில் உள்ளன. 2023-இல் 11 உறுப்புக் கல்லூரிகளில் இவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் பல்கலைக்கழகம் அதைத் திரும்பப் பெற்றது. சேரும் ஆண்டில் அந்த வளாகத்தில் வகுப்பு உண்மையில் நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்து, அரசுப் பணிக்குத் தயாராகும் எண்ணமும் இருந்தால் எடுக்கலாம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர் இந்தச் சலுகையை நம்பித் தமிழ்வழியில் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

வேலைவாய்ப்பு எப்படி இருக்கும்?

கிண்டிக்கு வரும் எல்லா நிறுவனங்களும் மண்டல வளாகங்களுக்கு வருவதில்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் சேர வேண்டும். பல்கலைக்கழகத்தின் தேசியத் தரவரிசையை உங்கள் ஊர் வளாகத்தின் மதிப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வேலைவாய்ப்பு அலுவலரிடம் "எத்தனை சதவீதம்?" என்று கேட்காதீர்கள். "போன ஆண்டு இந்தத் துறையில் இறுதியாண்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்த நிறுவனங்களில்?" என்று கேளுங்கள். சென்னையில் நிறுவனங்கள் நடத்தும் வேலைவாய்ப்புத் தேர்வுகளில் எவற்றுக்கு உங்கள் வளாக மாணவர்களையும் அழைக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

டி.சி.எஸ். போன்றவை நடத்தும் தேசிய அளவிலான தகுதித் தேர்வுகள் எந்தக் கல்லூரி மாணவருக்கும் திறந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய "நான் முதல்வன்" திறன் வளர்ப்புத் திட்டத்தின் பயிற்சிகளும் உண்டு. உறுப்புக் கல்லூரியில் படிப்பவர் இவற்றை மூன்றாம் ஆண்டிலேயே தேடிப் போக வேண்டும், கல்லூரி கொண்டுவந்து கொடுக்கும் என்று காத்திருக்கக்கூடாது.

பருவத் தேர்வுகளில் ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தையும் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. நீங்கள் பார்க்கும் இரண்டு மூன்று வளாகங்களை அதில் தேடி, சில பருவங்களுக்குத் தொடர்ந்து ஒப்பிடுங்கள். ஒரே வினாத்தாளை எழுதியவர்களின் முடிவு என்பதால் அது நம்பத்தகுந்த அளவுகோல்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்குத் தடையாகுமா?

சேர்க்கைக்குத் தடையில்லை. மதிப்பெண்ணும் திட்டப்பணியும் பரிந்துரைக் கடிதங்களும்தான் பேசும். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. அதன்படி பிற உறுப்பு நாடுகள் ஏற்பது, தேசியத் தரச்சான்று வாரியத்தின் முதல் அடுக்குச் சான்று பெற்ற பிரிவுகளை மட்டும்தான். பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரிய அடுக்கு அது. வெளிநாட்டில் பொறியாளராகப் பதிவுசெய்து தொழில் செய்யும் திட்டம் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

பெண்பிள்ளையைத் தூரத்து வளாகத்துக்கு அனுப்பத் தயங்குகிறோம்.

தயக்கம் புரிகிறது. ஆனால் அதற்கான பதில் அவளைச் சேர்க்காமல் விடுவது அல்ல, விடுதியைப் போய்ப் பார்ப்பது. வளாகத்துக்குள் பெண்கள் விடுதி இருக்கிறதா, முதலாம் ஆண்டில் எல்லோருக்கும் இடம் தருகிறார்களா, இரவில் காப்பாளர் தங்குகிறாரா, தண்ணீர் எப்படி? மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே நான்கு ஆண்டுகள் தங்கப்போவது அவள்தான்.

ஓராண்டு காத்திருந்து மறுபடி முயலலாமா?

மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சி பெற்றவர், மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மறுபடி தேர்வு எழுத முடியாது. அதே மதிப்பெண்ணோடு அடுத்த ஆண்டு வந்தால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். என்.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.க்காக ஓராண்டு கொடுப்பது வேறு கணக்கு. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு உரியவை. அதற்கான உழைப்பும் மனவலிமையும் இருப்பவர் யோசிக்கலாம்.

சேர்ந்த பிறகு கிண்டிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?

அந்த நம்பிக்கையில் சேராதீர்கள். இளநிலையில் கல்லூரி மாற்றத்தை வைத்துச் சென்னை வளாகத்துக்குள் நுழையலாம் என்று யாராவது சொன்னால், பணம் கேட்டால், அவரிடமிருந்து விலகுங்கள்.

முதுநிலைக்குப் போகலாம். எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு, நாடளவில் நடக்கும் "கேட்" (GATE) தேர்வின் மதிப்பெண் பயன்படும். 2023 முதல் சீட்டா என்ற தனி நுழைவுத் தேர்வும் நடக்கிறது, அதற்கு முன்பு டான்செட் தேர்வு இருந்தது. இளநிலையை எந்த வளாகத்தில் முடித்தீர்கள் என்பது இந்தத் தேர்வுகளுக்குத் தடையில்லை. கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே முதல் முயற்சியை மூன்றாம் ஆண்டின் பிப்ரவரியில் வைத்துக்கொண்டு, கணிதத்தை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.